கண் நான்காவது

தமிழில் பூக்களைப் பற்றியும் நிலக்காட்சிகளைப் பற்றியும் எழுதப்படும் உரைநடையில் பெரும்பகுதி கண்ணால் மட்டுமே எழுதப்படுகிறது. அதுவும் எழுதுபவரின் சொந்தக் கண் அன்று, இரவல் கண். ‘வண்ண வண்ண மலர்கள் பூத்துக் குலுங்கின’, ‘பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் வயல்வெளி’, ‘தென்றல் வந்து தாலாட்டியது’ போன்ற தொடர்களை எந்த ஊருக்கு வேண்டுமானாலும் கொண்டுபோய் ஒட்டிவிடலாம். தஞ்சாவூருக்கும் பொருந்தும், தாராபுரத்துக்கும் பொருந்தும். எல்லா ஊருக்கும் பொருந்துகிற வருணனை எந்த ஊரையும் வருணிப்பதில்லை என்பது நம் கருத்து. இதைத் திண்டுக்கல்லையும் அதைச் சூழ்ந்த சமவெளியையும் முன்வைத்துச் சொல்லிப் பார்க்கலாம்.

மேற்கிலும் தென்மேற்கிலும் பழனி மலைத்தொடர், தென்கிழக்கில் சிறுமலை, நடுவே செம்மண்ணும் இடையிடையே கரிசலுமாக விரிந்து கிடக்கிற வறண்ட நிலம். அதன் நடுவில் மொட்டையாய் நிற்கும் ஒரு பாறைக்கோட்டை. சுற்றுலாக் கையேடுகள் ‘அழகு’ என்று சொல்லிக் காட்டுகிற இடம் அன்று இது. அந்தச் சொல்லைக் கொடைக்கானலுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் தென்தமிழ்நாட்டின் பெரிய பூச்சந்தைகளில் இரண்டு, திண்டுக்கல்லிலும் நிலக்கோட்டையிலுமாக, இந்தச் சமவெளியில்தான் இருக்கின்றன. மல்லிகை, முல்லை, பிச்சி, ஜாதிப்பூ, காக்கரட்டான், கனகாம்பரம், சம்பங்கி, செவ்வந்தி, கோழிக்கொண்டை, அரளி, மரிக்கொழுந்து, துளசி என்று மூட்டை மூட்டையாக நாள்தோறும் வந்து இறங்கி, எடை போடப்பட்டு, வெயில் ஏறுமுன் வெளியூர்களுக்குப் போய்விடுகின்றன. பூவை ரசிப்பதற்கு முன்பாகவே பூவை அறிந்து வைத்திருக்கிற மக்கள் இங்கே வாழ்கிறார்கள்.

தமிழ் கற்பிக்கும் பணியில் இருப்பதால் இம்மக்களின் பிள்ளைகள் எழுதும் கட்டுரைகளை ஆண்டுதோறும் படிக்கிற வாய்ப்பு நமக்கு உண்டு. ‘இயற்கை அழகு’ என்று தலைப்புக் கொடுத்தால் அவர்கள் எழுதுவது தாமரையையும் ரோஜாவையும். மல்லிகை வந்தாலும் ‘கமகமவென மணம் வீசியது’ என்ற ஒரே வரியோடு போய்விடும். இத்தனைக்கும் எழுதியவர்களில் சிலர் அன்று காலையில்கூடத் தோட்டத்தில் பூவெடுத்துவிட்டுப் பேருந்து ஏறி வந்தவர்கள். ஒருமுறை வகுப்பில், விடியுமுன் இருட்டில் எந்த மொட்டைப் பறிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று எப்படித் தெரியும் எனக் கேட்டோம். நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “ஐயா, நாளைக்கு விரியிறது பச்சையா, கட்டியா இருக்கும். இன்னைக்குச் சாயங்காலம் விரியிறது தொட்டா மெத்துனு, சில்லுனு இருக்கும். இருட்டுல கண்ணு எங்க ஐயா பாக்கும், கைதான் பாக்கும்.” வகுப்பு சிரித்தது. அவளும் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் எழுதிய கட்டுரையில் இந்த வரி இல்லை. அங்கே ரோஜா ‘மலர்களின் அரசி’யாக வீற்றிருந்தது.

கைதான் பார்க்கும் என்பது இலக்கணத்துக்குப் புறம்பான பேச்சு அன்று. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கும்போது தொடுகையை முதலில் வைக்கிறார். அதன் பின்னே நா, அதன் பின்னே மூக்கு. கண் நான்காவதாகத்தான் வருகிறது. செவி ஐந்தாவது, மனம் ஆறாவது. இது புலன்களின் சிறப்பு வரிசை அன்று, உயிர்களில் அறிவு ஒவ்வொன்றாகக் கூடிவரும் வரிசை என்று உரையாசிரியர்களை அறிந்த நண்பர்கள் சொல்லக்கூடும். சரிதான். ஆனால் அதே வகைப்பாட்டில் புல்லும் மரமும் ஓரறிவுயிர்கள். அவற்றுக்கு உரியது தொடுகை ஒன்றே. அப்படியானால் ஒரு பூங்கொடிக்கும் நமக்கும் பொதுவாக உள்ள புலன் அது ஒன்றுதான். அதை விட்டுவிட்டுக் கண்ணிலிருந்து தொடங்கும் வருணனை மூன்று படிகளைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. இந்த வரிசையிலேயே சமவெளியைச் சற்றுச் சுற்றி வருவோம்.

தொடுகைக்கு மல்லிகை மொட்டைச் சொன்னோம். காந்தளையும் சொல்லலாம். மகளிர் விரல்களுக்குக் காந்தளை உவமை கூறுவது சங்கப் பாடல்களில் தொடங்கிய நெடிய மரபு. அந்தச் செங்காந்தளே இன்று தமிழ்நாட்டின் மாநில மலர். ஒட்டன்சத்திரம், கள்ளிமந்தயம் வட்டாரங்களில் இதைக் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் கம்பிகளில் கொடியேற்றிப் பயிர் செய்கிறார்கள். பூவுக்காக அன்று, விதைக்காக. கொல்ச்சிசின் என்னும் மருந்துப்பொருள் அந்த விதையில் இருக்கிறது. மூட்டுகளைத் தாக்கும் கவுட் நோய்க்கு அது மருந்து, அளவு மீறினால் நஞ்சு. காய்ப்பிடிப்பு நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பூக்கும் பருவத்தில் காலை வேளைகளில் ஆட்கள் வரிசை வரிசையாகச் சென்று ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில் கையாலேயே தொட்டு வைக்கிறார்கள். விரலுக்கு உவமையாக நின்ற பூவை இன்று விரல்கள் கருத்தரிக்கச் செய்கின்றன. இதைவிடப் பெரிய கவிதைப்பொருள் காந்தளுக்கு வாய்க்குமா என்று தெரியவில்லை. ஆனால் நம் பாடக்கட்டுரைகளில் காந்தள் இன்னும் உவமையாக மட்டுமே வாழ்கிறது.

நாவுக்குக் குறிஞ்சி. இது சமவெளியின் பூ அன்று, ஆயினும் இம்மாவட்டத்தின் மேல்மலைப் பூ. கொடைக்கானல் மலைகளில் 2006இலும் 2018இலும் பூத்தது. அடுத்து 2030இல் பூக்க வேண்டும். பூக்கும் ஆண்டில் கூட்டம் கூட்டமாக ஏறிச் சென்று நாம் கொண்டுவருவது நீலநிறப் படங்களை. குறுந்தொகையின் மூன்றாம் பாடலில் தேவகுலத்தார் அந்தப் பூவை எப்படிச் சொன்னார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் நிறத்தைச் சொல்லவில்லை. செடியின் கரிய கொம்பைச் சொன்னார். அதன் பூவிலிருந்து வண்டுகள் கூட்டும் தேனைச் சொன்னார். தலைவனோடு கொண்ட நட்பின் அளவைச் சொல்லவந்த தலைவி, அவனுடைய நாட்டைச் சுட்டத் தேர்ந்தது கண்ணுக்கான செய்தியை அன்று, நாவுக்கான செய்தியை. பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து வந்த இனிப்பு அது என்பதை அறிந்தவர்களுக்கு அந்த ஒரு குறிப்பே போதுமானதாக இருந்திருக்கிறது.

மூக்குக்கு வருவோம். இங்கேதான் நம் இழப்பு பெரியது. ‘நாற்றம்’ என்ற சொல் ஒருகாலத்தில் மணத்தைக் குறித்தது. ஐம்புலன்களைப் பற்றிய பழைய பேச்சில் மூக்குக்கு உரியதன் பெயரே நாற்றம்தான். தீய மணத்தைச் சொல்லத் ‘துர்’ என்று ஒட்டு வைத்துத் துர்நாற்றம் என்று சொல்ல வேண்டியிருந்ததே, நாற்றம் தன்னளவில் தீயது அன்று என்பதற்குச் சான்று. இன்று அந்தச் சொல் சாக்கடைக்குப் போய்விட்டது. நல்லது அனைத்தையும் ‘வாசனை’ என்ற ஒரே சொல் சுமக்கிறது. மண்வாசனை என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். கோடை முழுவதும் காய்ந்து கிடந்த செம்மண்ணில் முதல் மழை விழும்போது எழும் அந்த மணத்துக்கு ஆங்கிலத்தில் தனிப்பெயர் 1964இல்தான் பிறந்தது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் இட்டது. அதில் பெரும்பங்கு வகிக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளை மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் உண்டாக்குகின்றன என்பதையும் அறிவியல் கண்டறிந்திருக்கிறது. நம்மிடம் ஆயத்தமாக ஒரு சொல் இருந்தது. அதை நாம் என்ன செய்தோம்? வட்டார இலக்கியத்துக்கு ஒட்டும் முத்திரையாக்கினோம். மண்வாசனை கமழும் நாவல் என்று பின்னட்டையில் அச்சிடப்பட்ட எத்தனையோ நூல்களில் ஒரு பக்கத்திலாவது மண் மணக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம்.

மல்லிகை மணத்தைப் பற்றியும் ஒரு செய்தி. அதில் கலந்துள்ள பல பொருள்களில் இன்டோல் என்பது ஒன்று. மிகச் சிறிய அளவில் அது பூமணத்துக்கு ஆழம் தருகிறது. அடர்ந்தால் அதுவே மலத்தையும் அழுகலையும் நினைவூட்டும். நறுமணத்துக்கும் தீநாற்றத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருந்த பழந்தமிழர் வேதியியல் அறிந்திருந்தார்கள் என்று நாம் பெருமை பேச வரவில்லை. அந்தப் பேச்சு நமக்கு உடன்பாடும் அன்று. மூக்கு இவ்விரண்டையும் நாம் நினைக்கிற அளவுக்குப் பிரித்து வைப்பதில்லை என்பதே செய்தி. விலை இறங்கும் நாட்களில் நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகையை வாசனைத் திரவிய ஆலைகள் வாங்கிக்கொள்கின்றன. கரைப்பானில் ஊறவைத்து அதன் மணத்தை மெழுகு போலப் பிரித்தெடுக்கிறார்கள். அந்த மெழுகை முகர்ந்து பார்த்து அதன் தரத்தைச் சொல்லும் வல்லுநரிடம் மணத்துக்கென்று பல பத்துச் சொற்கள் உண்டு. பூவை விளைவிக்கும் ஊரின் இலக்கியத்தில் ‘கமகம’ என்ற ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது.

திண்டுக்கல்லின் மணத்தைப் பற்றிப் பேசுகிறவர் தோல் பதனிடும் ஆலைகளை விட்டுவிட்டுப் பேச முடியாது. பல பத்தாண்டுகளாக இந்நகரின் தொழில்களில் முதன்மையானவற்றுள் ஒன்று அது. ஆலைக் கழிவால் சுற்றுப்புறத்து நிலத்தடி நீர் கெட்டதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. மறைந்த டி. செல்வராஜ் இந்நகரில் வழக்கறிஞராக வாழ்ந்தவர். தோல் ஆலைத் தொழிலாளரின் வாழ்வையும் போராட்டத்தையும் ‘தோல்’ என்னும் நாவலாக எழுதினார். அதற்கு 2012இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அவருடைய முதல் நாவலின் பெயர் ‘மலரும் சருகும்’. திண்டுக்கல்லைப் புலன்களால் எழுதிய நூல் எது என்று கேட்டால் நாம் ‘தோல்’ நாவலைத்தான் முதலில் சொல்வோம். சுண்ணாம்புக் குழியையும் ஊறிய தோலையும் மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் எழுதிய படைப்பு அது.

பூவைப் பற்றிய கட்டுரையில் தோலுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஆவாரையைக் காட்டுவோம். வேடசந்தூர்ச் சாலையோரங்களில், ஒட்டன்சத்திரத்துப் புறம்போக்குகளில், வேறெதுவும் முளைக்காத காய்ந்த மண்ணில் பொன்னாகப் பூத்து நிற்கும் செடி. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் செல்லும் தொண்ணூற்றொன்பது பூக்களில் ஆவிரையும் ஒன்று. காதல் கைகூடாத தலைவன் மடலேறும்போது பூளை, எருக்கு ஆகியவற்றோடு சூடுவதாகக் கலித்தொகை காட்டும் பூவும் அதுவே. தைப்பொங்கலுக்கு முன்னே இவ்வட்டாரத்து வீடுகளின் கூரையில், தோட்டத்தில், தொழுவத்தில் வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் காப்புக்கட்டில் செருகப்படுவதும் அதுவே. அந்தச் செடியின் பட்டையை உரித்து அந்தச் சாற்றில்தான் தென்னாட்டுத் தோல் பதனிடுவோர் நெடுங்காலம் தோலை ஊறவைத்தார்கள். காதலனின் தலையிலும் வீட்டின் இறவாணத்திலும் தோல் தொட்டியிலும் இருந்தது ஒரே செடி. இதில் எதை எடுத்துக்கொண்டு எதை விட்டால் ஆவாரையின் அழகு முழுமை பெறும்? ‘பொன்னிறப் பூ’ என்று எழுதி முடித்துவிடுகிறவர் அந்தச் செடியைப் பார்த்தார் என்றே நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

நான்காவதாகக் கண். கண் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதற்கும் பயிற்சி வேண்டும் என்கிறோம். செங்காந்தள் என்று பெயர் இருக்கிறதே தவிர, அது செந்நிறமாகவே பிறப்பதில்லை. பசுமை கலந்த மஞ்சளாக விரிந்து, விளிம்பு மஞ்சளாக நடுவே சிவப்பேறி, முடிவில் முழுச் சிவப்பாகிறது. ஒரே கொடியில் மூன்று நாளும் மூன்று நிறமும் ஒன்றாகத் தொங்கும். ஆக, கண் பார்க்க வேண்டியது நிறத்தை மட்டும் அன்று, காலத்தையும். நம் மொழி இதை அறிந்திருந்தது. அரும்பு, மொட்டு, முகை, போது, மலர், வீ, செம்மல் என்று ஒரு பூவின் ஆயுளுக்கு இத்தனை பெயர்கள் வைத்திருந்தது. தேர்வுக்காக இவற்றை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். இருட்டில் மொட்டைத் தொட்டு வேறுபாடு சொல்லத் தெரிந்த மாணவியிடம், நீ சொன்னதும் இந்தப் பட்டியலும் ஒரே அறிவுதான் என்று நாம் சொல்வதில்லை.

செவிக்கு மலைபடுகடாம் இருக்கிறது. நன்னனின் மலையில் எழும் பலவகை ஓசைகளை வரிசையாக அடுக்கி, அந்த ஓசையாலேயே பெயரும் பெற்ற பாட்டு அது. சமவெளியின் கடாம் எது என்று எவரும் எழுதவில்லை. காற்று மிகும் மாதங்களில் பனையோலைகள் ஒன்றோடொன்று உரசும் ஓசை, ஆழ்துளைக் கிணற்று மோட்டார் நீர் எட்டாமல் வெறுங்காற்றை இழுக்கும் ஓசை, பூச்சந்தையில் ஏலக்குரல், நகருக்குள் குறைந்துகொண்டே வரும் பூட்டுப் பட்டறைகளில் அரம் இரும்பை உராயும் ஓசை. திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு 2019இல் கிடைத்தது. ஆனால் அந்த அரத்தின் ஓசையை எந்தக் குறியீடும் காப்பாற்றி வைக்கப்போவதில்லை. அதற்கு எழுத்துதான் உண்டு.

ஆறாவது மனம். நம் வாதத்தின் மையம் இதுதான். தொல்காப்பியர் முல்லைக்குக் கார்காலத்தையும் மாலைப்பொழுதையும் உரிமையாக்கினார். இதை மாணவர்கள் இரண்டு மதிப்பெண் வினாவுக்கு விடையாகப் படிக்கிறார்கள். ஆனால் முல்லையும் மல்லிகையும் மாலையில்தான் விரிகின்றன என்பது தோட்டத்தில் எவரும் காணக்கூடிய உண்மை. இரவில் வரும் அந்துப்பூச்சிகளை அழைக்க அவற்றுக்கு வெண்மையும் மணமும் வேண்டியிருக்கிறது. விடியுமுன் மொட்டாகப் பறிப்பதும், நண்பகலுக்குள் சந்தையைக் கடப்பதும், பிற்பகலில் நாரில் தொடுப்பதும், மாலையில் யாரோ ஒருத்தியின் கூந்தலில் அது விரிவதும் ஆகிய ஒரு நாள் முழுவதும் அந்தப் பொழுதைச் சுற்றியே அமைந்திருக்கிறது. மார்கழிப் பனியில் விளைச்சல் குறைந்து விலை கிலோவுக்குச் சில ஆயிரமாக ஏறுவதும், வரத்து மிகுந்த நாளில் பறிகூலிகூடத் தேறாமல் போவதும் இந்த அழகின் பகுதியே. பழையவர்கள் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்றையும் சேர்த்தே திணையாக்கினார்கள். கருப்பொருளில் பூவும் உண்டு, தொழிலும் உண்டு. பூவை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டு தொழிலை விட்டவர்கள் பின்வந்த நாம்தான்.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். கூலியையும் விலையையும் கலந்தால் அழகு கெட்டுவிடும் என்பது ஒன்று. பூ அத்தனை நொய்ந்தது என்றால் அதை எழுதவே வேண்டாம் என்பதே நம் பதில். சங்க மரபே பிற்காலத்தில் தேய்வழக்காகியதே, காந்தளைக் காணாதவர்களும் காந்தள் விரல் என்று பாடினார்களே என்பது மற்றொன்று. இதை நாம் முழுவதும் ஏற்கிறோம். அதனால்தான் சங்கப்பாடலைப் போல எழுதுங்கள் என்று நாம் கேட்கவில்லை. அந்தப் புலவர்கள் தங்கள் நிலத்தில் நின்று செய்ததை நம் நிலத்தில் நின்று செய்யும்படி கேட்கிறோம். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்றார் இளங்கோவடிகள். நீர் எட்டாமல் தோட்டங்கள் வீட்டுமனைகளாகிக்கொண்டிருக்கும் இந்தச் சமவெளியில் அது உவமை அன்று, கண்முன் நிகழ்வது. ஒரு தோட்டம் போகும்போது அதைப் பற்றிய சொற்களும் உடன்போகின்றன. இருட்டில் மொட்டு பார்க்கத் தெரிந்த கைகள் ஆயத்த ஆடை ஆலைகளுக்கும் நூற்பாலைகளுக்கும் போன பிறகு, அந்த அறிவை எந்த அகராதியிலிருந்தும் மீட்க முடியாது.

ஆகவே கற்பிப்பவர்களிடமும் இதழ் நடத்துபவர்களிடமும் நம் வேண்டுகோள் எளியது. ‘இயற்கை அழகு’ என்ற தலைப்பைக் கொஞ்ச காலம் மூடி வைப்போம். ‘உன் ஊரில் இன்று என்ன பூத்தது, அதை யார் தொட்டார்கள், எந்நேரத்தில் மணந்தது, என்ன விலைக்குப் போனது’ என்று கேட்போம். ‘மெத்துனு’, ‘சில்லுனு’ போன்ற சொற்கள் கட்டுரையில் வந்தால் கொச்சை என்று சிவப்பு மையால் சுழிக்காமல் விட்டுவைப்போம். இலக்கண வழுக்களைப் பிறகு திருத்திக்கொள்ள நேரம் இருக்கிறது.